காதுக்குள்ளே கிளிக் அண்ணாச்சி

ராஜபாளையத்தில் தாளம் என்பதே வராத மனிதர்களை வரிசையாக நிற்க வைத்தால், முதலில் நிற்க வேண்டியவர் கிளிக் அண்ணாச்சி. அந்த வரிசை நகரும்போதும் மற்றவர்கள் இடது காலை எடுத்து வைத்தால் அவர் மட்டும் வலது காலை வைப்பார். எங்கள் சபையின் இசைக்குழுவில் தாளத்துக்கு முழுப் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது.

எப்படி என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குக் காத்திருக்கிற பழக்கம் கிடையாது. அப்போது நான் ஒரு மருந்து கம்பெனிக்கு ரெப். காலையில் சேத்தூர், மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர், சாயங்காலம் வத்திராயிருப்பு என்று பைக்கிலேயே குடித்தனம் நடத்தியவன். டாக்டர்கள் கூப்பிடுகிற வரைக்கும் கிளினிக் வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஆண்டவர் எனக்குக் கொடுத்த பொறுமை மொத்தத்தையும் அங்கேயே செலவழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் பேஸ் கிட்டார் வாசிப்பேன். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நான் ஆரம்பித்திருப்பேன்.

டிரம்ஸ் வாசித்தவன் இம்மானுவேல். நூல் மில்லில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்து உட்காருவான். பாட்டு சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் போய்ப் படுக்கலாம் என்பதுதான் அவனுடைய இசைக் கொள்கை. கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுகிறவர் ஸ்டெல்லா டீச்சர். வகுப்பில் கடைசிப் பையன் எழுதி முடிக்கிற வரை காத்திருந்து பழகியவர், பாட்டையும் அப்படியேதான் பாடுவார். நாங்கள் மூன்று பேரும் ஒரே பாட்டைத்தான் ஆரம்பிப்போம். முடிக்கும்போது யார் எங்கே இருப்போம் என்பது எங்களுக்கே தெரியாது.

அண்ணாச்சிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்வெர்ட்டர், பேட்டரி விற்கிற கடை. நல்ல மனுஷன், வாய் மட்டும் நிற்காது. கைதட்டிப் பாடுகிற சபை எங்களுடையது. அவர் கைதட்ட ஆரம்பித்தால் அந்த பெஞ்சே குழம்பிப்போகும். பக்கத்தில் உட்கார்ந்த குழந்தைகளை அம்மாக்கள் ஓசைப்படாமல் இழுத்து வேறு பெஞ்சில் வைப்பார்கள். அவரும் அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். அடுத்த பாட்டில் மறந்துவிடுவார்.

மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், அங்கே பெரிய சபையில் வாசிக்கிற எல்லோரும் காதில் எதையோ சொருகிக்கொண்டு வாசிப்பதைப் பார்த்திருக்கிறார். பந்திக்குக்கூடப் போகாமல் மேடைக்குப் பின்னால் போய் விசாரித்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் பிராக்டிஸுக்குக் கூடியபோது ஒரு பழைய லேப்டாப், ஒரு குட்டி மிக்ஸர், ஒரு சாக்குப் பை நிறைய ஒயர் என்று வந்து இறங்கினார்.

"இனிமே இந்த பேண்டுல எவனும் முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது" என்றார்.

"ஏன் அண்ணாச்சி, கட்டிப் போடப் போறீகளா?" என்றான் இம்மானுவேல்.

"ஆமாலே. காதுல கட்டிப் போடப் போறேன்."

விஷயம் இதுதான். லேப்டாப்பிலிருந்து சத்தம் இரண்டு ஒயரில் வெளியே வரும். ஒரு ஒயரில் வயலின், தபேலா, புல்லாங்குழல் என்று எங்களிடம் இல்லாத வாத்தியமெல்லாம் முன்கூட்டியே பதிவாகி ஹால் ஸ்பீக்கருக்குப் போகும். ஜனங்கள் அதைக் கேட்பார்கள். இன்னொரு ஒயரில் வெறும் 'டிக் டிக் டிக்'. அது வாசிக்கிறவர்கள் காதுக்கு மட்டும். அந்த டிக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்தால் லேப்டாப் வயலினும் நாங்களும் கைகோத்துப் போகலாம். அந்த டிக்குக்குப் பெயர் கிளிக். அன்றைக்கே அண்ணாச்சிக்கும் அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தாளம் வராதவர் இதை எப்படி நடத்துவார் என்றால், அவருக்குத் தாளமே தேவையில்லை. லேப்டாப்பில் ஒரு பொத்தானை ஒரே ஒரு தடவை தட்டினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஒரு தடவை தட்டுவதில் தாளம் தப்ப வழியில்லை. மேடையின் இடது ஓரத்தில் மடக்கு மேஜை போட்டு, வெள்ளைச் சட்டையை இன் பண்ணி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

எனக்கானால் அந்த டிக்கைத் தாங்க முடியவில்லை. காதுக்குள் ஒரு பல்லி குடியேறிய மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, இது ரொம்ப மெதுவாப் போகுது."

"அது சரியாத்தான் போகுது தம்பி. நீதான் டாக்டர் கதவை மூடுததுக்குள்ள நுழையணும்னு ஓடுத."

அதோடு விட்டாரா? பெரிய சபைகளில் கிளிக்கோடு ஒரு குரலும் சேர்ந்து வரும். அடுத்து பல்லவி, அடுத்து சரணம் என்று இங்கிலீஷில் யாரோ காதில் சொல்லிக்கொண்டே போவார்கள். அண்ணாச்சி அந்த இங்கிலீஷ்காரனை வெளியே அனுப்பிவிட்டுத் தன் குரலையே பதிவு செய்து வைத்துவிட்டார். கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து பதிவு செய்ததால் பின்னால் பஸ் ஹாரனும் கேட்கும்.

"ஏலே, பல்லவி வருது. வருது. வந்துருச்சு, பிடி."

இதுகூடப் பரவாயில்லை. போகப் போக ஆளாளுக்குத் தனித்தனி உபதேசம் சேர்ந்தது. ஒவ்வொரு பாட்டிலும் நாங்கள் எங்கே தப்பு செய்வோம் என்று அவருக்கு அத்துப்படி. அதனால் தப்பு செய்வதற்கு ஒரு வரி முன்னாலேயே திட்டு வந்துவிடும். "இம்மானுவேல், தூங்காத. டீச்சர், மூச்சு எடுத்துக்கிடுங்க, நீளமான வரி வருது. தம்பி, உனக்குக் கை பரபரங்குது. செத்த நேரம் இரு. நான் சொல்லுதப்ப வா." போன வாரமே பதிவு செய்த குரல், இந்த வாரம் என் கை பரபரக்கிற அதே இடத்தில் சொல்லும். எனக்கு எரிச்சலாக வரும். பதில் சொல்லவும் முடியாது, மேடையில் நின்றுகொண்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இது போதாதென்று அவர் முன்னால் ஒரு சின்ன மைக்கும் இருந்தது. அதில் அவர் பேசினால் எங்கள் காதில் மட்டும் விழும். அவசரத்துக்கு என்று வாங்கியது. "மூணாவது பெஞ்சுல வாராரே, அவருக்குத்தான் நேத்து பேட்டரி குடுத்தேன்" என்பதெல்லாம் அண்ணாச்சியின் கணக்கில் அவசரம்.

ஊர் முழுக்க பேட்டரி விற்கிறவருடைய லேப்டாப்பில் பேட்டரி செத்து வெகு நாளாகியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கினால் அந்த நிமிஷமே அணைந்துவிடும். மாற்றுங்கள் என்று சொன்னால், "ஒயரு இருக்குல்ல" என்பார்.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் யாருக்கோ இன்வெர்ட்டர் பார்க்கணும் என்று என் பைக்கில் தொற்றிக்கொண்டார். திரும்பும்போது பால்கோவா வாங்க நிறுத்தினோம். அடுப்படியில் மாஸ்டர் பெரிய கரண்டியால் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி செல்போனில் ஒரு ஆப்பைத் திறந்தார். விரலால் திரையைத் தட்டிக்கொண்டே வந்தால் தாளத்தின் வேகம் என்னவென்று அது சொல்லும்.

"மாஸ்டர், உங்க கரண்டி எண்பதுல போகுது" என்றார். மறுபடி தட்டிப் பார்த்தார். "இல்ல, நூத்திப் பத்து." இன்னொரு தடவை தட்டினார். "செத்த இருங்க, அறுபதுங்குதே."

மாஸ்டர் கரண்டியை நிறுத்தவில்லை. "நான் ஒண்ணுபோலத்தான் கிண்டுதேன் அண்ணாச்சி. கொஞ்சம் மாறுனாலும் அடிப்பிடிச்சிரும். உங்க விரலுதான் ஓடி ஓடி நிக்குது."

அண்ணாச்சி செல்போனைப் பையில் போட்டுக்கொண்டார். பால்கோவா வேண்டாம் என்றுவிட்டார். ராஜபாளையம் வருகிற வரை அந்த மனுஷன் வாயைத் திறக்காமல் வந்தது அந்த ஒரு தடவைதான். வீட்டில் இறக்கிவிட்டபோது, "அந்த ஆப் சரியில்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன். எனக்கு அடுத்த டாக்டர் இருந்தார்.

அண்ணாச்சிக்கு உண்மையான எதிரி நாங்கள் இல்லை, பாஸ்டர்தான். பாஸ்டர் தங்கமான மனிதர். இரண்டு வீக்னஸ். ஒன்று, அவருக்கு வேர்த்துக் கொட்டும். ஆராதனை முடிவதற்குள் ஜிப்பாவைப் பிழிந்து காயப் போடலாம். இரண்டாவது, பாட்டு முடிகிற நேரத்தில் கண்ணை மூடி, "கடைசியா ஒரே ஒரு தடவை பாடுவோம்" என்பார். அந்தக் கடைசி எப்போது கடைசியாகும் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் மட்டும் வாசித்த காலத்தில் அவர் பாடுகிற வரை கூடவே போவோம். லேப்டாப்புக்கு அது தெரியுமா? பாட்டு முடிந்தது, வயலின் நின்றது, தபேலா நின்றது. பாஸ்டர் மட்டும் கையை உயர்த்தித் தனியாக நின்றார்.

அண்ணாச்சி ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். கடைசிப் பல்லவியை நிற்காமல் சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி செய்துவிட்டார். பாஸ்டர் எம்புட்டு நேரம் பாடினாலும் அம்புட்டு நேரம் அது ஓடும். அவர் முடித்ததும் அண்ணாச்சி நிறுத்துவார். அழகான யோசனை. அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் முடித்தார். அண்ணாச்சி பொத்தானைத் தட்டினார். லேப்டாப் உறைந்துபோய்விட்டது, திரையில் அம்புக்குறிகூட அசையவில்லை. தபேலாவும் புல்லாங்குழலும் மட்டும் குதித்துக்கொண்டிருந்தன.

"ஒயரைப் பிடுங்குங்க அண்ணாச்சி" என்று நான் பல்லைக் கடித்தேன்.

"பிடுங்குனா அடுத்த பாட்டுக்கு எந்திரிக்காது தம்பி. தானா நிக்கும்."

நிற்கவில்லை. தபேலாவோடு காணிக்கை எடுத்தோம். தபேலாவோடு அறிவிப்புகள் வாசித்தார்கள். அதில் ஒன்று துக்கச் செய்தி. பாஸ்டர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்ல, பின்னால் புல்லாங்குழல் துள்ளியது. சபை ஆட்கள் பலர் துக்கத்தோடு காலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு ராஜு மதில் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "அண்ணாச்சி, உங்க ஜெபம் முடிஞ்சிருச்சா இல்லையா? எங்க வீட்டுல சாப்பிட உக்காரலாமா?" என்று கேட்டார். அப்புறம்தான் அண்ணாச்சி ஒயரைப் பிடுங்கினார்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி சுற்றுகிற வேலையை விட்டுவிட்டு, பாஸ்டரைப் படிக்க ஆரம்பித்தார். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கண்ணை மூடுகிறார், எத்தனை தடவை நீட்டுகிறார் என்று வாராவாரம் கவனித்தார். ஆச்சரியம் என்னவென்றால், பாஸ்டர் தன்னை அறியாமலே ஒரே மாதிரிதான் நீட்டிக்கொண்டிருந்தார். அதற்குத் தகுந்த மாதிரி பல்லவியை நீட்டி, எங்கள் காதுக்கு வழக்கம்போல உபதேசமும் பதிவு செய்தார். கொஞ்ச நாள் எல்லாம் தேன் மாதிரி போனது. பாஸ்டரே, "லேப்டாப்புக்கும் ஆவிக்குரிய அனுபவம் வந்துருச்சு போல" என்று அண்ணாச்சி முதுகில் தட்டினார்.

பிறகுதான் அந்தச் சிவப்பு டேப் விவகாரம். எங்கள் காதுக்கு வருகிற ஒயரில் அண்ணாச்சி சிவப்பு டேப் ஒட்டியிருந்தார். அபாயம், இது ஹாலுக்குப் போகக்கூடாது என்று அர்த்தம். ஹாலுக்குப் போகிற ஒயரில் பச்சை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் வேலை முடித்து லேட்டாக ஓடி வந்து அவசர அவசரமாக மாட்டினார். பேட்டரிக்காரர் கையாயிற்றே. வாழ்நாள் முழுவதும் சிவப்பு என்றால் பாசிட்டிவ், மெயின் லைன் என்று பழகிய கை, சிவப்பைக் கொண்டுபோய் ஹால் ஸ்பீக்கரில் மாட்டிவிட்டது.

பாட்டு ஆரம்பித்தது. எங்கள் காதில் இனிமையாக வயலின். ஹாலில் இடி மாதிரி 'டிக் டிக்'. கூடவே அண்ணாச்சியின் குரல்.

"ஏலே இம்மானுவேல், கொட்டாவி விடாத. டீச்சர் முகத்தைப் பாரு. தம்பி, பரபரங்காத."

அண்ணாச்சிக்கோ லேப்டாப்பிலேயே நேராக மாட்டிய ஹெட்போனில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். நான் கையைக் காட்டினேன். அவர் அதை ஆராதனை என்று நினைத்துத் தானும் கையை உயர்த்தினார். பாட்டு முடிகிற இடம் வந்தது. பாஸ்டர் முன்னால் வந்து கண்ணை மூடினார். ஸ்பீக்கர் சொன்னது: "பாஸ்டர் கண்ணை மூடிட்டாக. இப்ப 'கடைசியா ஒரே ஒரு தடவை'ம்பாக. நம்பிராதீக. இன்னும் மூணு இருக்கு."

பாஸ்டர் வாயைத் திறந்துவிட்டிருந்தார். நிறுத்த முடியவில்லை. "கடைசியா ஒரே ஒரு தடவை" என்றார்.

சபை அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை. பாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. முகமெல்லாம் வேர்த்து, கைக்குட்டையைத் தேடினார். எனக்கே பாவமாக இருந்தது.

ஆராதனை முடிந்ததும் எங்களை எல்லாம் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. மெதுவாகப் பேசினார். "சபை சிரிக்கிறது தப்பில்ல அண்ணாச்சி. ஆனா நான் கண்ணை மூடி நிக்கிறப்ப சிரிச்சா, பொறவு எனக்குக் கண்ணை மூடவே கூச்சமா இருக்கும். அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல மூணு ஊர் சபைக்காரங்க கூடுதாங்க. பாட்டு நம்ம பொறுப்பு. அதுல ஏதாவது ஒண்ணு தப்பாச்சுன்னா லேப்டாப்பை எடுத்துருவோம். நீங்க கீழ மதினியோட உக்காந்து நிம்மதியா ஆராதிங்க."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். ஒயர்களைச் சுருட்டினார்.

வெளியே அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் மதினி என்றுதான் கூப்பிடுவோம். "தம்பி, கல்யாணத்துக்கு முன்னாடி எங்க தெருவுக்கு கிறிஸ்துமஸ் பாட்டுக்காரங்க வந்தப்பதான் இவுகள மொதல்ல பாத்தேன். எல்லாரும் டிரம்மு, டாம்பரின்னு தட்டிட்டு வாராங்க. இவுக கையில மட்டும் பெட்ரோமாக்ஸ் லைட்டக் குடுத்து கடைசியில விட்டிருந்தாங்க. தட்டுனா பாட்டு கெட்டுருமாம். அதுக்குப் பொறவு இந்த லேப்டாப்பு வந்துதான் முன்னாடி போய் உக்காந்தாக. சனிக்கிழமை சட்டையத் தானே தேய்ச்சு வைப்பாக தம்பி, என்னையக் கூடத் தொட விடமாட்டாக. கீழ எறக்கிராதீக."

எனக்குச் சுருக்கென்றது. பால்கோவாக் கடையில் சிரித்தது ஞாபகம் வந்தது. அந்த டிக்கை என்னைவிட வெறுத்தவன் உலகத்தில் கிடையாது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க, கிளினிக் வாசல்களில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தப்பும் வந்துவிடக் கூடாதே ஆண்டவரே என்று நான் ஜெபித்தது அந்த லேப்டாப்புக்காகத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபம். சித்திரை மாதத்துச் சாயங்காலம், உள்ளே நுழைந்தாலே சட்டை முதுகில் ஒட்டியது. அண்ணாச்சி எல்லோருக்கும் முன்னால் வந்து, ஒயரை எல்லாம் மாட்டி, டேப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்து, என்னையும் பார்க்க வைத்தார். கடையிலிருந்து ஒரு குட்டி இன்வெர்ட்டரும் கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் வைத்திருந்தார். கரண்ட் போனாலும் கவலையில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்று ஊர் ஜனம். இரண்டாவது பாட்டு உச்சத்துக்குப் போனபோது கரண்ட் போனது.

லைட், மைக், ஸ்பீக்கர், எங்கள் காது எல்லாம் செத்தது. லேப்டாப் திரையும் கறுத்துப்போனது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, இன்வெர்ட்டர் என்ன ஆயிற்று? அப்போதுதான் பார்த்தேன். இருட்டிக்கொண்டு வந்த மேடையில் ஒரே ஒரு சாமான் மட்டும் கம்பீரமாக ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்டர் பக்கத்தில் வைத்திருந்த ஸ்டாண்டு ஃபேன். பாஸ்டர் கண்ணை மூடி நின்றார். அவர் ஜிப்பா காற்றில் படபடவென்று அடித்தது.

அந்த இன்வெர்ட்டரில் ஒரு சாமானைத்தான் மாட்டலாம். நம்ம ஆள் ஃபேனை மாட்டிவிட்டு லேப்டாப்பைச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

ஸ்டெல்லா டீச்சர் மைக் இல்லாமல் பாடினார். இம்மானுவேல் எதையும் கேட்காமல் அடித்துக்கொண்டே போனான், மில் சங்கு ஊதிவிட்ட மாதிரி ஓடினான். சத்தமே வராத கிட்டாரில் நான் அவனையும் முந்தினேன். ஜெனரேட்டர் வந்தது. மைக் வந்தது. மிக்ஸர் வந்தது. லேப்டாப்பும் எழுந்தது. எழுந்து, 'அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று ஒரு நீலத் திரையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டது.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். வேர்த்து வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தச் சின்ன மைக்கை எடுத்தார். எங்கள் காதில் குரல் வந்தது.

"ஒன்... டூ... த்ரீ, ஃபோர்... ஒன்... ஒன்..."

கிளிக்குக்குப் பதிலாக அண்ணாச்சியே எண்ண ஆரம்பித்துவிட்டார். அடடா. இருந்த கொஞ்ச நஞ்சத் தாளமும் போனது. இம்மானுவேல் குச்சியை எங்கே போடுவதென்று தெரியாமல் முழித்தான். டீச்சர் என்னைப் பார்த்தார். காதிலிருப்பதைப் பிடுங்கிப் போட எனக்குக் கை வந்துவிட்டது. அப்போது எண்ணுவது நின்றது.

"எனக்கு இது வராதுலே" என்றது குரல். அவ்வளவு நாளில் அதை அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். "எனக்கு எப்பவும் வராது. நீங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிடுங்க. நான் எடம் மட்டும் சொல்லுதேன்."

சொன்னார். "சரணம் வருது. டீச்சர், மூச்சு எடுத்துக்கிடுங்க. இம்மானுவேல், வீட்டுக்குப் போயிரலாம், இப்ப டீச்சர் வாயப் பாத்து அடி. தம்பி, உனக்குக் கை பரபரங்குது. செத்த நேரம் இரு. இரு. இரு. இப்ப வா."

நான் இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இருந்தேன். பாட்டு பிரமாதமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நொண்டி நொண்டித்தான் போனது, ஆனால் நாலு பேரும் சேர்ந்து நொண்டினோம். கடைசியில் பாஸ்டர் கையை உயர்த்தினார். காதில் குரல் தணிந்து வந்தது. "கண்ணை மூடிட்டாக. இது எத்தன தடவைன்னு எனக்குத் தெரியல. அவுக போற வரைக்கும் கூடப் போங்க." போனோம். மூன்று ஊர் ஜனமும் கூட வந்தது.

கூட்டம் கலைந்ததும் அண்ணாச்சி ஒயரைச் சுருட்டினார். ஹெட்போனைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "இத நீ வச்சுக்க தம்பி. கீழ எனக்கு எதுக்கு?"

நான் அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் பாஸ்டர் வந்தார். லேப்டாப்பைப் பார்த்தார். அது இன்னும் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. ஃபேனைப் பார்த்தார். ஃபேன் ஒயரைக் கண்ணாலேயே தொடர்ந்து போய், மேடைக்குப் பின்னால் இருந்த இன்வெர்ட்டரைப் பார்த்தார்.

"எல்லாம் நின்னுச்சே, இது மட்டும் எப்படி ஓடுதுன்னு யோசிச்சேன்" என்றார். "லேப்டாப்ப இதுல மாட்டியிருக்கக் கூடாதா அண்ணாச்சி?"

அண்ணாச்சி ஒயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "உங்களுக்கு வேர்க்குமே பாஸ்டர்" என்றார்.

பாஸ்டர் என் கையிலிருந்த ஹெட்போனை வாங்கி, அண்ணாச்சி கழுத்தில் மாட்டிவிட்டார். "அடுத்த வாரத்துல இருந்து ரெண்டு இன்வெர்ட்டர் கொண்டு வாங்க" என்றார். கீழே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கேட்டதற்கு வேர்வை என்றார்.

எனக்குப் பதவி உயர்வு வந்து சென்னைக்குத் துரத்திவிட்டார்கள். இங்கே ஒரு பெரிய சபையில் வாசிக்கிறேன். விலை உயர்ந்த சாமான், பிசிறில்லாத கிளிக். காதில் ஒரு வெளிநாட்டு அம்மா அழகான இங்கிலீஷில் பல்லவி, சரணம் என்று சொல்லுகிறாள். அவளுக்கு என் பெயரும் தெரியாது, என் கையும் தெரியாது. போன மாதம் பொறுக்க முடியாமல் அண்ணாச்சிக்குப் போன் பண்ணி, பழைய பாட்டுகளில் ஒன்றை, காதுக்கு வருமே அந்தக் குரலோடு, அனுப்பச் சொன்னேன். "அது எதுக்குலே உனக்கு?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு அனுப்பினார்.

காலையில் கிண்டிப் பாலத்தடியில் டிராஃபிக் நகராது. முன்னால் இருக்கிறவனை ஹாரன் அடித்தே கொன்றுவிடலாம் போலிருக்கும். அப்போது அதைப் போடுவேன். டிக் டிக் டிக். தூரத்தில் ராஜபாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடிக்கும். "தம்பி, உனக்குக் கை பரபரங்குது. செத்த நேரம் இரு. நான் சொல்லுதப்ப வா."

சரி அண்ணாச்சி, இருக்கேன்.